ஜப்பானில் ஓபோன்: அப்பாவுக்கு வருஷம் திரும்பவில்லை, கூப்பிட்ட வீட்டுக்குப் போகலாமா?

மல்பெரித்தோட்டம் (பாலக்கோடு, இப்போது குன்மா)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜப்பானில் குன்மா மாகாணம் ஓட்டா ஊரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறேன். இங்கே ஆகஸ்ட் 13 முதல் 16 வரை ஓபோன். இறந்த பெரியவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று நம்பும் நாட்கள். அரசு விடுமுறைப் பட்டியலில் ஓபோன் கிடையாது, 11ஆம் தேதி மலை நாள் மட்டும்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த வாரம் கம்பெனிகள், பட்டறைகள், சின்னக் கடைகள் எல்லாம் மூடிவிடும், ரயிலில் இடம் கிடைக்காது, சாலையெல்லாம் வண்டி நிற்கும், நம்ம ஊரில் பொங்கலுக்கு முந்தின ராத்திரி தொப்பூர் பக்கம் பார்ப்போமே, அந்த நிலைமைதான். போன வருஷம் அந்த வாரத்தை அறையில் படுத்தே கழித்தேன். வேலை நாளில் தோன்றாத அந்நியம் முழுக்க லீவு நாளில்தான் வந்து உட்காருகிறது.

இந்த வருஷம் என் லைனில் வேலை செய்யும் மூத்தவர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவருடைய அப்பா இந்த வசந்தத்தில் தவறினார், அதனால் அந்த வீட்டுக்கு இது முதல் ஓபோன். அவர் அம்மா சின்ன வயதில் பட்டுப்புழு வளர்த்தவராம். எங்கள் வீட்டிலும் மல்பெரித் தோட்டமும் புழு மனையும் உண்டு என்று மகன் சொல்லியிருக்கிறார் போல, 'அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வா' என்று பிடிவாதமாம்.

என் சிக்கல் இதுதான். எங்கள் அப்பா மாசியில் தவறினார். வருஷம் திரும்பும் வரை எங்களுக்குப் பண்டிகை கிடையாது. ஆடி 18க்கு வீட்டிலிருந்து யாரும் ஒகேனக்கல் போகவில்லை. நானும் அதுவரை கவுச்சி தொடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த நிலைமையில் இன்னொருவர் வீட்டுப் பண்டிகைக்குப் போகலாமா? போனால் என்ன கொண்டுபோவது, என்ன உடுத்துவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரிமங்கலம்

தம்பி, அப்பாவைப் பற்றிக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஆனால் போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். எங்கள் வீட்டில் வருஷம் முடியும் வரை மலைக் கோயில் ஏற விடமாட்டார்கள், கல்யாண வீட்டில் கூட முன்னால் நிற்க விடமாட்டார்கள். அங்கே அவர்கள் பெரியவர்களுக்குப் படைத்ததை நீ உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். நம் வீட்டுப் படையல் நம் பங்காளிகளோடு. பக்குவமாகச் சொல்லிவிட்டு அடுத்த வருஷம் போ, அவர்கள் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அரூர் வாத்தியார்

காரிமங்கலத்தாரின் அக்கறை புரிகிறது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் பக்கம் வருஷம் முடியும் வரை தள்ளிவைப்பது கொண்டாட்டத்தை. துக்கம் விசாரிக்கப் போவதை யாரும் தள்ளிவைத்ததில்லை. சொல்லப்போனால் தன் வீட்டில் சாவு விழுந்தவன்தான் அடுத்த வீட்டுச் சாவுக்கு முதலில் போய் நிற்பான், என்ன பேசக்கூடாது என்று அவனுக்குத்தான் தெரியும். தம்பி சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த வீட்டில் இறந்தவருக்கு இது முதல் ஓபோன், சொந்தக்காரரும் அக்கம்பக்கத்தாரும் வந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போகும் நாள். இதைப் பண்டிகை என்று எழுதியதால்தான் குழப்பம். நம்ம கணக்கில் இது பெரியவர்களுக்குப் படைக்கிற நாள். பொங்கலுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்கிறோமே, ஆடி அமாவாசைக்கும் புரட்டாசி மகாளய அமாவாசைக்கும் ஒகேனக்கல்லிலும் தீர்த்தமலையிலும் கூட்டம் நிற்கிறதே, அந்த வகை.

இன்னொன்று. ஓபோன் முன்பு சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் 15ஆம் நாளை ஒட்டி வந்தது. 1873இல் ஜப்பான் நாட்காட்டியை மாற்றியபோது தோக்கியோவில் ஜூலைக்கு நகர்ந்தது, நாட்டின் பெரும்பகுதி ஒரு மாதம் தள்ளி ஆகஸ்டிலேயே வைத்துக்கொண்டது. தோக்கியோவுக்கு மேற்கே சில ஊர்களில் ஜூலைக் கடைசியை ஒட்டி வைப்பார்கள், பட்டுப்புழு வேலைக்கு இடைஞ்சல் வராமல் வைத்த நாள் அது என்பார்கள். நாளையே வேலைக்குத் தக்க மாற்றிக்கொண்ட குடியானவர்கள். உன் அப்பா இருந்திருந்தால் அந்த அம்மாவிடம் ஒரு ராத்திரி முழுக்கப் பேசியிருப்பார்.

எதற்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேள். இதில் எங்கள் எல்லோர் பேச்சையும்விட அவர் பேச்சு பெரிது.

நிஷிகசாய் கிருஷ்ணகிரியான்

போகலாமா வேண்டாமா என்பதை விடுகிறேன், போனால் என்ன செய்வது என்று சொல்கிறேன். தோக்கியோ வந்து ரொம்ப காலம் ஆகிறது, முதல் ஓபோன் வீடுகளுக்கு நானும் போயிருக்கிறேன்.

உடை: அடர் நிறத்தில் கோடு, பூ இல்லாத சட்டை, பேன்ட். பாய் விரித்த அறைக்குள் செருப்பும் கிடையாது, வெறுங்காலும் அழகில்லை, துவைத்த காலுறை போட்டுக்கொள். யுகாதா (கோடையில் கட்டும் பருத்தி அங்கி) கட்டிவிட்டால் உன் இடப்பக்க மடிப்பு மேலே இருக்கிறதா என்று பார், வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. சாப்பிடும் குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தாதே, குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றாதே, இரண்டும் சாவுச் சடங்கோடு சேர்ந்தவை.

கொண்டுபோவது: உறையில் பணம் வைப்பது வழக்கம், 3,000 முதல் 5,000 யென் போதும், உறை கடையில் கிடைக்கும், முதல் ஓபோனுக்கு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 4 என்ற எண் மட்டும் எதிலும் வேண்டாம். கூடவே ஒரு தின்பண்டம். கையில் கொடுத்ததும் அவர்கள் பிரிக்கமாட்டார்கள், முதலில் வீட்டுப் பீடத்தில் இறந்தவர் முன்னால் வைத்துவிட்டு அப்புறம்தான் மற்றவர்களுக்கு.

என்னைக் கேட்டால் நம்ம கிருஷ்ணகிரி மாங்கூழ் டின் கொண்டுபோ. பச்சை மாம்பழத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது, விமான நிலையத்திலேயே தடுத்துவிடுவார்கள். அடைத்த டின்னுக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்தியக் கடையில் வாங்கும் டின்னில் கிருஷ்ணகிரி என்று அச்சடித்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பெங்களூரா மாம்பழம் நம்ம ஊரில் பாதி போவது கூழ் ஆலைக்குத்தானே.

தேன்கனிக்கோட்டை அக்கா

தம்பி, சாப்பாடு விஷயம் நான் சொல்கிறேன், வீட்டுக்காரர் வேலையால் நாங்கள் நகானோவில் இருந்துவிட்டு வந்தோம். ஓபோனுக்குப் பழைய வழக்கப்படி கவுச்சி இல்லாத சமையல்தான், கோயில் சமையல் என்றே பெயர். ஆனால் இப்போது நிறைய வீடுகளில் சொந்தம் கூடும் நாள் என்று மீன் சோறும் வரவழைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் மீனை ஒதுக்கிவிடலாம், தெரியாத மீன்தான் சங்கடம். பெரும்பாலான குழம்புக்கு அடித்தண்ணீர் காய்ந்த மீன் சீவலைக் கொதிக்கவைத்து எடுப்பது. கோயில் முறையில் கடல்பாசியும் உலர்ந்த காளானும் போட்டு எடுப்பார்கள். அதனால் 'நான் சைவம்' என்று சொன்னால் போதாது. 'எங்கள் அப்பாவுக்காக ஒரு வருஷம் மீன், இறைச்சி, மீன் தண்ணீர் எதுவும் எடுப்பதில்லை' என்று இரண்டு நாள் முன்னாடியே சொல்லிவிடு. காரணத்தைச் சொன்னால் அவர்கள் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

நாங்கள் இருந்த ஊரில் 13 சாயங்காலம் வாசலில் வெள்ளை பூர்ச்ச மரப் பட்டையைக் கொளுத்துவார்கள், அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் வீடு வருவார்களாம். பக்கத்து வீட்டம்மா முதல் வருஷம் என்னை வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டார். அடுத்த வருஷம் பட்டையைக் கையில் கொடுத்துக் கொளுத்தச் சொன்னார். அன்றையிலிருந்துதான் அந்தத் தெருவில் எனக்குப் பேச்சு வந்தது. ஆகவே போனால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வராதே. பாத்திரம் கழுவு, கல்லறைக்குத் தண்ணீர் தூக்கு.

மல்பெரித்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் பேசிவிட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே, 'துக்க வீட்டுக்குப் போறதுக்கு யாரைக் கேக்கணும், வெறுங்கையோட போகாதே' என்றார். போகிறேன். டின் இரண்டு வாங்கிவிட்டேன்.

பர்கூரான்

நான் கொரியாவில் இருக்கிறேன், இங்கே எட்டாம் சந்திர மாதம் 15ஆம் நாள் சூசொக். இதே கதைதான், ஊரே காலி, கல்லறைப் புல்லை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டுக் காலையில் படையல். எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. கம்பெனி கொடுத்த பரிசுப் பெட்டியோடு அறையில்தான் இருப்போம். கூப்பிட ஆள் இருக்கும்போது போய்விடு நண்பா.

சிப்காட் லைன் வீடு (ஓசூர்)

பர்கூரார் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் லைன் வீட்டில் ஒடிசா, பீகார், அசாம் பையன்கள் குடியிருக்கிறார்கள். பொங்கல் மூன்று நாளும் மெஸ் கிடையாது, டீக்கடை கிடையாது, தெருவில் ஊர்க்காரர்கள் எல்லாம் கிருஷ்ணகிரி, சேலம், மதுரை என்று போய்விடுவார்கள். அந்தப் பையன்கள் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளேயே கிடப்பார்கள். நாங்களும் ஒரு கிண்ணத்தில் பொங்கல் கொண்டுபோய்க் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று வந்துவிடுவோம். கதவில் வைத்துக் கொடுப்பது ஒன்று, உள்ளே வா என்று கூப்பிடுவது வேறு.

எங்கள் மாமியார்தான் அதை மாற்றினார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்க ஆள் இல்லை, பேரன்கள் எல்லாம் பெங்களூரில். மேல் ரூம் ஒடிசா பையனைக் கூப்பிட்டு பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். அவன் ஊரிலும் மாடு உண்டாம், கயிற்றைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. கொம்பு நுனியில் மஞ்சளும் அடியில் நீலமும் அடித்து, கழுத்துச் சலங்கையைக் கழற்றிப் புளி போட்டுத் துலக்கி மாட்டினான். அப்புறம் எங்களோடு உட்கார்ந்து ஒப்பட்டும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டான். இப்போது அவன் அம்மா எங்கள் மாமியாரிடம் வீடியோவில் பேசுகிறார், ஒருவருக்கொருவர் ஒரு சொல் புரியாது, ஆனாலும் பேசுகிறார்கள்.

ஜப்பானில் நமக்கு யாராவது கதவைத் திறக்கமாட்டார்களா என்று ஏங்குகிற நாம் ஓசூரில் எத்தனை கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதையும் இந்த இழையில் பேசினால் நன்றாயிருக்கும்.

காரிமங்கலம்

சிப்காட் லைன் வீட்டுக்காரர் சொல்வது சரி. எங்கள் பக்கம் கிரானைட் பட்டறைகளிலும் இதே நிலைமைதான்.

அரூர் வாத்தியார்

தம்பி, அந்த அம்மாவிடம் என்ன பேசுவது என்று தயங்காதே. இரண்டு விஷயம் சொல்கிறேன். நீ இருக்கும் குன்மாவில்தான் தொமியோகா பட்டு ஆலை இருக்கிறது, 1872இல் அரசே தொடங்கியது, 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம்ம பக்கத்து வெண்பட்டுக் கூடு பரவியதிலும் ஜப்பான்காரர்கள் பங்கு உண்டு, 1990களில் ஜைக்கா (ஜப்பான் அரசின் உதவி நிறுவனம்) உதவியோடு கர்நாடகம், ஆந்திரம், தமிழகத்தில் பைவோல்டைன் என்கிற வெண்கூட்டு ரகத்தைக் கொண்டுசேர்த்தார்கள்.

இன்னொன்று தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு கூடுதல், பல் கறுத்து எலும்பு வளைந்த கிராமங்களை நம்மில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1,928.80 கோடி ரூபாய், ஜப்பான் கடனுதவி, 2013இல் தண்ணீர் வந்தது. உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற காவிரி அவர்கள் நாட்டுக் கடனில் வந்தது என்று சொல். கேட்டால் சந்தோஷப்படுவார்.

மல்பெரித்தோட்டம்

போய்விட்டு வந்தேன். விரிவாக எழுதுகிறேன், அதனால் நீளம்.

வீடு வயலுக்கு நடுவே, பழைய மரவீடு. ஓட்டுக் கூரை உச்சியில் இன்னொரு சின்னக் கூரை தூக்கி நிற்கிறது, புழு மனைக்குக் காற்று போகக் கட்டியது. பார்த்ததும் புரிந்துவிட்டது, எங்கள் மனையில் அப்பா மேல்சுவரில் ஜன்னல் விட்ட அதே காரணம். மேல்தளம் இப்போது காலி, மூங்கில் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

13 மதியமே பீடத்துக்கு முன்னால் மேசை போட்டு, வெள்ளரிக்காயில் குதிரையும் கத்தரிக்காயில் மாடும் செய்து வைத்தார்கள். கால்களுக்குக் குச்சி. வரும்போது சீக்கிரம் வரக் குதிரை, போகும்போது மெதுவாகப் போக மாடு. பேரப்பிள்ளை செய்த மாடு சாய்ந்து விழுந்துகொண்டே இருந்தது, என்னிடம் கொடுத்தார்கள், முன்னங்காலைக் கொஞ்சம் வெளியே சாய்த்துக் குத்தினேன், நின்றுவிட்டது. சேப்பங்கிழங்கு இலையில் வெள்ளரியும் கத்தரியும் பொடியாக நறுக்கி, கழுவிய அரிசியோடு கலந்து தண்ணீர் தெளித்து வைத்தார்கள்.

சாயங்காலம் எல்லோரும் கல்லறைக்குப் போனோம். மரவாளியில் தண்ணீர் தூக்கியது நான்தான் (தேன்கனிக்கோட்டை அக்கா, நீங்கள் சொன்னது நினைவிருந்தது). கல்லைக் கழுவி, பூ மாற்றி, ஊதுவத்தி ஏற்றி, அங்கே ஏற்றிய தீயைக் காகித விளக்குக்குள் வைத்து வீடு வரைக்கும் அணையாமல் கொண்டுவர வேண்டும். வழியில் பின்னால் திரும்பி, 'அப்பா, இங்கே படி இருக்கு, பார்த்து' என்று மூத்தவர் இருட்டைப் பார்த்துச் சொன்னார். கம்பெனியில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா என்னிடம், உன் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். வறுத்த கடலையும் வெல்லமும் என்றேன். பேரனைக் கடைக்கு அனுப்பினார். தோலோடு வறுத்த கடலையும் ஒகினாவா கருப்பு வெல்லக் கட்டியும் வந்தது, அவர் கணவருக்கு வைத்த தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்தார். அப்பா பெயரை எழுதிக் காட்டச் சொன்னார், வாசிக்கத் தெரியாது, என்னைச் சொல்லச் சொல்லித் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, பீடத்து மணியைத் தட்டி அவரே சொன்னார். அழுகை வந்தது, அடக்கவில்லை. பிப்ரவரியில் விமானம் பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டார்கள், ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சாப்பாடு முழுக்கக் கடல்பாசித் தண்ணீரில் சமைத்திருந்தார்கள், எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். சிவப்புப் பயறுப் பூரணம் பூசிய இனிப்புச் சோற்று உருண்டை இருந்தது, ஓஹாகி என்கிறார்கள். மாங்கூழ் டின் இரண்டு ராத்திரி பீடத்தில் இருந்தது, அப்புறம் பிள்ளைகள் பாலில் கலந்து குடித்தார்கள்.

பேச்சு பெரும்பாலும் புழுவைப் பற்றித்தான். நாலு தடவை தோலுரித்த புழு ராத்திரி இலை தின்னும் சத்தம் எப்படியிருக்கும் என்று காட்ட, அந்த அம்மா பாயில் பத்து விரல் நகத்தாலும் மெல்லச் சுரண்டினார். வருஷம் முழுக்க வளர்க்கிறோம் என்றால் நம்பவில்லை, குளிரில் இலை எங்கிருந்து வரும் என்று கேட்டார். குடிநீர்த் திட்டம் பற்றி வாத்தியார் சொன்னதைச் சொன்னேன், மகனை அழைத்து அதை மறுபடி சொல்லச் சொன்னார்.

15 மத்தியானம் தொலைக்காட்சியில் உயர்நிலைப்பள்ளி பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது, சரியாக 12 மணிக்கு ஆட்டம் நின்று சங்கு ஊதியது. போர் முடிந்த நாள். அந்த அம்மாவும் கை கூப்பினார். அன்றைக்கு நமக்குச் சுதந்திர தினம் என்று நான் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை. ராத்திரி மைதானத்தில் மேடை கட்டி, மேளம் வைத்து, சுற்றிச் சுற்றி ஆட்டம். நான் ஆடவில்லை, வருஷம் முடியட்டும் என்று சொன்னேன், யாரும் வற்புறுத்தவில்லை. 16ஆம் தேதி விளக்கைத் திரும்பக் கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். முன்பு படையலை ஆற்றில் விடுவார்களாம், இப்போது ஆறு கெடும் என்று விடுவதில்லை, காகிதத்தில் சுற்றி எடுத்து வைத்தார்கள்.

காரிமங்கலம்

படித்தேன் தம்பி. என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இப்போதும் அடுத்த வருஷம் போ என்றுதான் சொல்லியிருப்பேன், அந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்த அம்மா உன் அப்பா பெயரைச் சொன்னார் என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அவர் நல்லாயிருக்கணும்.

நிஷிகசாய் கிருஷ்ணகிரியான்

ஒரு விஷயம். முதல் ஓபோனுக்கு வந்தவர்களுக்கு அந்த வீட்டார் பதில் பரிசு அனுப்புவார்கள். உனக்கும் ஒரு பெட்டி வரும், வேண்டாம் என்று திருப்பாதே. வாங்கிக்கொண்டு ஒரு வரி எழுதிப் போடு.

மல்பெரித்தோட்டம்

வந்துவிட்டது அண்ணா, தேயிலை. எழுதிப் போட்டுவிட்டேன். வாத்தியார் ஐயா, உங்களிடம் ஓர் உதவி. அந்த அம்மா நம்ம தருமபுரி பட்டுக்கூடு அங்காடியைப் பார்க்க ஆசைப்படுகிறார், வீடியோ இருந்தால் போதும் என்கிறார். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு எடுக்கத் தெரியாது.

அரூர் வாத்தியார்

அதற்கென்ன, காலையில் ஏலம் நடக்கும்போதே போய் எடுக்கிறேன். வெண்கூடு மட்டும் போதுமா, மஞ்சக் கூடும் வேண்டுமா?

மல்பெரித்தோட்டம்

இரண்டும் எடுங்கள் ஐயா. கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தமும் பதிவாக வேண்டும், அதைத்தான் முக்கியமாகக் கேட்டார்.